ரத்த மாதிரி எடுப்பவரா, நர்சிங் உதவியாளரா?

மருத்துவத் துறைக்குள் சீக்கிரம் நுழைய நினைப்பவர்கள் பலர் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் தடுமாறுகிறார்கள். பல இடங்களில் இரண்டுக்கும் பட்டம் தேவையில்லை, குறுகிய பயிற்சி போதும்.

அன்றாட வேலை
ரத்த மாதிரி: ஆளைச் சரிபார்த்து, முழங்கை மடிப்பில் நாளத்தைத் தேடி, கையில் கட்டிய பட்டையை 1 நிமிடத்துக்குள் தளர்த்த வேண்டும். குழாய்களை நிரப்பும் வரிசையும் முக்கியம். ஊதா மூடிக் குழாயில் உள்ள, ரத்தம் உறையாமல் தடுக்கும் இடிடிஏ அடுத்த குழாயில் கலந்தால், பொட்டாசியம் உண்மையில் இருப்பதைவிட உயர்ந்து காட்டும்.
உதவியாளர்: குளிப்பாட்டுவது, ஊட்டுவது, நாடி பார்ப்பது, அப்புறம் படுக்கைப்புண் வராமல் சுமார் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைப்பது.

ஆபத்து
ரத்த மாதிரி: ஊசி குத்திவிடலாம்.
உதவியாளர்: முதுகுவலி. நோயாளியைத் தனியாகத் தூக்கவே கூடாது.

மனிதர்களோடு பழக்கம்
ரத்த மாதிரி: ஐந்து நிமிடம்.
உதவியாளர்: ஷிப்ட் முழுக்க. பசி, கோபம், அழுகை எல்லாம் உங்களிடம்தான் வரும்.

கை நிதானமும் ஆய்வகத்தில் ஆர்வமும் இருந்தால் முதலாவது. பின்னாளில் செவிலியராகும் எண்ணம் இருந்தால் யோசிக்காமல் இரண்டாவது, வார்டு பழகிவிடும். ரத்தத்தைப் பார்த்தால் தலை சுற்றுமா? சரி, உதவியாளர் வேலையிலும் அது கண்ணில் படாமல் இருக்காது.