சாமிப் படக் கடையில் சோவியத் சுவரொட்டிகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் கடைத்தெருவில் சாமிப் படங்களுக்கும் திருமணப் படங்களுக்கும் கண்ணாடிச் சட்டம் போட்டுத் தரும் சிறு கடையொன்று, சில மாதங்களாகச் சோவியத் இளைஞர் அமைப்புகளின் சுவரொட்டிகளை மறுபதிப்பாக அச்சிட்டு விற்கிறது. 1948 ஜூன் 16 அன்று மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் கம்யூனிஸ்ட் கெரில்லாக்களால் சுட்டுக் கொல்லப்பட்டு, அதையொட்டி மலாயாவின் அவசரகாலம் பிறந்த இந்த வட்டாரத்தில், அரிவாளும் சுத்தியலும் 35 வெள்ளிக்கு (ரிங்கிட்) சுவர் அலங்காரமாகக் கிடைக்கின்றன. மூன்று படங்கள் வாங்கினேன்.

அவற்றுள் சிறந்தது, 1931-இல் கொம்சொமோல் என்ற கம்யூனிஸ்ட் இளைஞர் அமைப்பினரை விதைப்புப் பணிக்கு அழைத்துக் குஸ்தாவ் குளூட்சிஸ் உருவாக்கியது. புகைப்படங்களை வெட்டி ஒட்டிச் சுவரொட்டி செய்வதில் பெயர் பெற்றவர் அவர். வெட்டிய விளிம்புகள்கூட இந்த அச்சில் கூர்மையாகத் தெரிகின்றன. எந்த அரசுக்காக அவர் படம் செய்தாரோ அந்த அரசே 1938-இல் அவரைச் சுட்டுக் கொன்றது.

இரண்டாவது படத்தில், கழுத்தில் சிவப்புத் துணி கட்டிய சிறுமி நெற்றிக்கு மேலே கையை உயர்த்தி வணக்கம் செலுத்துகிறாள். இதன்மேல் கடைக்காரர் ‘ரஷ்யச் சாரணியர்’ என்று சீட்டு ஒட்டியிருக்கிறார். அவள் சாரணி அல்லள். 1922 மே 19-இல் தொடங்கப்பட்ட பயனியர் என்ற சோவியத் சிறுவர் அமைப்பைச் சேர்ந்தவள். துணியின் மூன்று முனைகள் கம்யூனிஸ்ட் கட்சி, கொம்சொமோல், பயனியர் என மூன்று தலைமுறைகளைக் குறிப்பவை. ஆயினும் ‘எப்போதும் ஆயத்தம்’ என்ற முழக்கம் உட்படப் பலவற்றைச் சாரணரிடமிருந்தே பயனியர்கள் எடுத்துக்கொண்டார்கள் என்பதால், கடைக்காரரை முழுக்கக் குறைசொல்லவும் இயலவில்லை. அச்சில் அந்தச் சிவப்பு வெளிறிக் காவியாகிவிட்டதுதான் வருத்தம். தரிசு நிலங்களை உழுது தானியம் விளைவிக்க 1954-இல் தொடங்கிய சோவியத் திட்டத்தைப் பற்றிய மூன்றாவது படம் பளபளப்புத் தாளில் இருப்பதால், விளக்கு வெளிச்சத்தில் கோதுமை வயல் கண்ணுக்கே தெரிவதில்லை.

எனக்குள்ள பெரிய குறை வேறு. சோவியத் சுவரொட்டிகளின் அடி விளிம்பில் பதிப்பகம், அச்சிட்ட ஆண்டு, படிகளின் எண்ணிக்கை, விலை ஆகியவை பொடி எழுத்தில் இருக்கும். சிவகாசி நாட்காட்டியின் அடியில் அச்சகத்தின் பெயரைத் தேடிப் படித்து வளர்ந்த எனக்கு, படத்தைவிட அந்த வரியே சுவையானது. மூன்று படங்களிலும் அதை வெட்டி எறிந்திருக்கிறார்கள். கேட்டதற்கு, “எப்படியும் சட்டத்துக்குள்ள மறைஞ்சிடும் ஐயா” என்றார் கடைக்காரர். சட்டம் போட்ட வேலை மட்டும் குறையே இல்லாதது. நான்கு மூலைகளிலும் இணைப்பு தெரியவில்லை. குளூட்சிஸ் படத்தை விளிம்போடு மங்கல் தாளில் மீண்டும் அச்சிட்டுத் தர, கூடுதலாக 10 வெள்ளி கேட்டார். கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.