எங்லகோர்டா, வொப்லரா?

கீத் எமர்சன், ரிக் வேக்மன் என்று 70களின் ஆர்கன் ராஜாக்களைக் கேட்டு முடித்தவர்கள் அடுத்துப் போய் நிற்கும் இடம் பெரும்பாலும் ஸ்காண்டிநேவியாதான். ஸ்வீடனின் எங்லகோர்ட், நார்வேயின் வொப்லர், இரண்டும் புராக்ரசிவ் ராக் குழுக்கள். இரண்டு குழுக்களுக்கும் ஹேமண்ட் என்னும் மின் ஆர்கன், டேப்பில் பதிந்த ஒலிகளை வாசிக்கும் மெல்லோட்ரான் போன்ற பழைய கருவிகள்தான் உயிர். எது ஒசத்தி என்று கேட்டால் ரசிகர்கள் சண்டைக்கு வந்துவிடுவார்கள். ஆர்கனுக்காக மட்டும் வருபவர் என்றால், என் ஓட்டு வொப்லருக்கு.

ஆனால் முதல் மரியாதை எங்லகோர்டுக்குத்தான். 1992இல் 'ஹிப்ரிஸ்' ஆல்பம் வந்தபோது இந்தக் கருவிகளைச் சீண்டுவாரில்லை. 1983இல் வந்த யமஹா டிஎக்ஸ்7 போன்ற டிஜிட்டல் சின்தசைசர்கள் அவற்றை எப்போதோ ஓரங்கட்டிவிட்டன. அந்த நேரத்தில் இப்படி ஓர் ஆல்பம் போட அசாத்தியத் துணிச்சல் வேண்டும். முதல் பாட்டு 'யோர்ட்ரோக்' தனிப் பியானோவில் சாதுவாகத் தொடங்கும். அப்புறம் மொத்தக் குழுவும் மேலே பாயும். தாமஸ் ஜான்சனின் ஹேமண்ட் அங்கே கிடாருக்கும் ஆன்னா ஹோல்ம்கிரனின் புல்லாங்குழலுக்கும் பின்னால் நின்று முட்டுக்கொடுக்கிறது. தானாக முன்னால் வருவது குறைவு. மனதைப் பிசைகிற வேலை மெல்லோட்ரானுடையது. அதில் ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு டேப். அழுத்திப் பிடித்தால் சுமார் 8 வினாடி ஓடும், அதோடு ஒலி நின்றுவிடும். வாசிப்பவர் அதற்குள் விரலை எடுத்தாக வேண்டும்.

வொப்லரில் கதை வேறு. லார்ஸ் ஃப்ரெட்ரிக் ஃப்ரோய்ஸ்லி ஹேமண்டை வண்டி ஓட்டுகிற மாதிரி ஓட்டுகிறார். ஹேமண்ட் சி3 மாடலுக்குள் 91 பல்சக்கரங்கள், காந்தமும் கம்பிச்சுருளும் கொண்ட பிக்கப்களின் எதிரே சுழல்கின்றன. டிராபார்கள் என்கிற பட்டைகளை இழுத்தும் தள்ளியும் ஒலியின் நிறத்தை மாற்றலாம். அந்த ஒலி, உள்ளே பாகங்கள் சுழலும் லெஸ்லி ஸ்பீக்கருக்குள் போகிறது. அங்கே வேகத்தைக் கூட்டினால் மேலே உள்ள ஹார்ன் சட்டென்று வேகம் பிடிக்கும், கீழே உள்ள டிரம் சோம்பலாகப் பின்தொடரும். இரண்டும் ஒத்துப்போகாத அந்தச் சில வினாடிகளில்தான் ஆர்கன் உறுமுகிறது. 2017இல் வந்த 'ஃப்ரம் சைலன்ஸ் டு சம்வேர்' ஆல்பத்தின் தலைப்புப் பாட்டு சுமார் 21 நிமிடம் ஓடுகிறது. ஆர்கன் பிரியர்களுக்கு அதில் முழு விருந்து.

குறைகளும் உண்டு. 2011இல் வந்த வொப்லரின் 'ரைட்ஸ் அட் டான்' பிரிட்டிஷ் ராக் குழுவான யெஸ்ஸின் நிழலிலேயே நடக்கிறது. பாடகர் குரலை உயர்த்தும்போதெல்லாம் யெஸ் பாடகர் ஜான் ஆண்டர்சன் ஞாபகம்தான் வருகிறது. அபிமானம் சரி, இந்த அளவுக்கா? எங்லகோர்டில் அந்தத் தொல்லை இல்லை. இன்னொரு பிரிட்டிஷ் குழுவான கிங் கிரிம்சனின் சாயல் தெரிந்தாலும் அந்தச் சோகமும் குளிரும் அவர்களுடையவை. பாடுவதுதான் பலவீனம், ஸ்வீடிஷ் மொழியில் கொஞ்சம் பாடுகிறார்கள், அதுவும் சுமார். 1994இல் வந்த 'எபிலோக்'கில் குரலையே விட்டுவிட்டார்கள், நல்ல முடிவு.

புதிதாக வருபவர் 'ஃப்ரம் சைலன்ஸ் டு சம்வேர்' கேட்டுவிட்டு 'ஹிப்ரிஸ்'ஸுக்குப் போகலாம். வொப்லரின் முதல் ஆல்பம் 'ஹின்டர்லேண்ட்' (2005) அவசரமில்லை. அதன் தலைப்புப் பாட்டே 27 நிமிடத்துக்கு மேல், பாதியில் எனக்கே கவனம் சிதறிவிடும்.