கிட் புல்லா, ஃபெட்ச்சா? மெயின் பிராஞ்ச்சின் வரலாறு எதில் தப்பிக்கும்

ரிமோட் ரெப்போவில் (சர்வரில் இருக்கும் பொதுவான கோட் கிடங்கில்) மற்றவர்கள் ஏற்றிய கமிட்டுகளை (சேமித்த மாற்றங்களை) நம் மெஷினுக்கு இறக்க, கோடின் வரலாற்றைப் பதிந்து வைக்கும் கருவியான கிட்டில் மூன்று பழக்கங்கள் புழக்கத்தில் இருக்கின்றன. வெறும் ‘கிட் புல்’ அடித்து மெர்ஜ் (இரு பக்க வரலாற்றையும் இணைப்பது) ஆகவிடுவது ஒன்று. நம் கமிட்டுகளை எடுத்து, வந்தவற்றின் மேல் வைக்கும் ‘கிட் புல் --ரீபேஸ்’ இரண்டாவது. ‘கிட் ஃபெட்ச்’ மட்டும் அடித்து, வந்திருப்பதைப் பார்த்துவிட்டு, பிறகு சேர்த்துக்கொள்வது மூன்றாவது. நான் எடுத்துக்கொண்டது மூன்றாவதை. இந்த அலசலும் அந்தப் பக்கம்தான் சாயும். வேகமோ வசதியோ அதற்குக் காரணமில்லை. பல மாதம் கழித்து ஒரு பக் எங்கே நுழைந்தது என்று தேடும்போது, அல்லது ஒரு ரிலீஸை அவசரமாகத் திருப்பும்போது, மெயின் பிராஞ்ச்சின் (அணி முழுவதும் பகிரும் முதன்மைக் கிளையின்) வரலாறு கைகொடுக்குமா என்பதுதான் என் அளவுகோல்.

தெரிந்த விஷயங்களை முதலில் முடித்துவிடலாம். புல் என்பது ஃபெட்ச்சும், அதைத் தொடர்ந்து ஒரு மெர்ஜோ ரீபேஸோ சேர்ந்ததுதான். எனவே மூன்று வழியிலும் இறங்கும் டேட்டா ஒன்றுதான். ஃபெட்ச் மட்டும் அடித்தால் ஆரிஜின்/மெயின் போன்ற ரிமோட் டிராக்கிங் பெயர்கள்தான் (சர்வரின் பிராஞ்ச் கடைசியாக எங்கே இருந்தது என்ற நம் பக்கக் குறிப்புகள்) நகரும். உங்கள் பிராஞ்ச், எடிட்டரில் திறந்திருக்கும் ஃபைல், கமிட் ஆகாத மாற்றம் எதையும் அது தொடாது. பாதி வேலையில் இருக்கும்போதும் தயங்காமல் அடிக்கலாம்.

இனி வெறும் புல். சர்வரில் மெயின் அ, ஆ என்ற இரண்டு கமிட்டுகளோடு இருக்கிறது என்று வையுங்கள். நீங்கள் உங்கள் மெஷினில் மெயின் மேலேயே இ என்ற கமிட்டைப் போடுகிறீர்கள். இதற்குள் இன்னொருவர் ஈ, உ இரண்டையும் சர்வருக்கு ஏற்றிவிட்டார். உங்கள் புஷ் (சர்வருக்கு ஏற்றும் முயற்சி) நிராகரிக்கப்படுகிறது. புல் அடிக்கிறீர்கள், ம என்றொரு மெர்ஜ் கமிட் பிறக்கிறது. மறுபடி புஷ், இந்த முறை போய்விடுகிறது. எந்த எச்சரிக்கையும் வராது. உ-வுக்குப் பின்னால் ம வருவதால், சர்வரின் கண்ணில் அது சாதாரண ஃபாஸ்ட் ஃபார்வர்ட்தான், அதாவது பழைய முனையிலிருந்து நேராக முன்னேறுவது.

சிக்கல் ம-வின் பெற்றோர் (அதற்கு நேர் முந்தைய கமிட்டுகள்) வரிசையில் இருக்கிறது. மெர்ஜ் நடக்கும்போது நீங்கள் நின்ற இடமே முதல் பெற்றோர். இறங்கி வந்தது இரண்டாம் பெற்றோர். ஆகவே ம-வின் முதல் பெற்றோர் உங்கள் இ. அணி முழுவதும் மெயின் என்று நம்பிக்கொண்டிருந்த உ, இரண்டாம் பெற்றோராகப் பக்கவாட்டுக்குத் தள்ளப்படுகிறது. முதல் பெற்றோர் வழியை மட்டும் பின்தொடரும் ‘கிட் லாக் --ஃபர்ஸ்ட்-பேரன்ட்’ அடித்தால், புதியது முதலில், ம, இ, ஆ, அ என்று வரும். ஈ, உ இரண்டும் காணாது. அவை புல் ரிக்வெஸ்ட் (மாற்றத்தைப் பார்த்துச் சேர்க்கச் சொல்லும் கோரிக்கை) வழியாக ஒழுங்காக உள்ளே வந்த மெர்ஜ் கமிட்டுகளாக இருந்தாலும் இதே கதிதான். ஒரு நாள் விட்டு ஒரு நாள் இப்படி நடக்கும் ரெப்போவில், மெயினுக்கு எது எந்த வரிசையில் வந்தது என்பதை அந்தப் பட்டியலிலிருந்து யாராலும் படிக்க முடியாது.

இது அழகுப் பிரச்சினை என்று சிலர் ஒதுக்குவார்கள். ரிவர்ட் செய்யும்போதுதான் அதன் விலை தெரியும். மெர்ஜ் கமிட்டைத் திருப்ப எந்தப் பெற்றோரை மெயினாகக் கருத வேண்டும் என்று கிட்டுக்குச் சொல்ல வேண்டும். கை பழக்கத்தில் எல்லோரும் கொடுப்பது 1. புல் ரிக்வெஸ்ட் மெர்ஜுக்கு அது சரி. ம-வுக்கு 1 கொடுத்தால், இ-தான் அடிப்படை என்று கிட் எடுத்துக்கொண்டு, சக ஊழியரின் ஈ, உ இரண்டையும் அழித்துவிட்டு உங்கள் இ-யை அப்படியே வைத்திருக்கும். நீங்கள் எடுக்க நினைத்தது எதுவோ அது நிற்கிறது. நிற்க வேண்டியது போகிறது. அதோடு முடிவதில்லை. அடுத்த முறை அந்த பிராஞ்ச்சை மெர்ஜ் செய்தாலும் ஈ, உ திரும்பி வராது, ஏனென்றால் வரலாற்றின்படி அவை ஏற்கெனவே மெர்ஜ் ஆனவை. அந்த ரிவர்ட்டையே இன்னொரு முறை ரிவர்ட் செய்தால்தான் கிடைக்கும்.

பக் நுழைந்த கமிட்டைப் பாதிபாதியாகப் பிரித்துத் தேடும் பைசெக்ட்டிலும் இதே அடிதான். கிட் 2.29 முதல் பைசெக்ட்டுக்கு ‘--ஃபர்ஸ்ட்-பேரன்ட்’ உண்டு. பாதியில் நிற்கும் ஃபீச்சர் கமிட்டுகளைத் தாண்டி, மெயினில் ஏறியவற்றை மட்டும் சோதிக்க அது அருமையான வசதி. ஆனால் வழியில் ம மாதிரி ஒன்று இருந்தால், பழுது ம-வில் என்று சொல்லி நின்றுவிடும். அந்த ஒற்றை மெர்ஜுக்குள் மற்றவர்களின் ஒரு வார வேலை முழுவதும் அடங்கியிருக்கலாம்.

உங்கள் ரெப்போவில் இது எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பது சுலபம். புல் தானாக எழுதும் செய்தி ‘மெர்ஜ் பிராஞ்ச் மெயின் ஆஃப்’ என்று தொடங்கும், அதன்பின் சர்வர் முகவரி வரும். மெயினின் முதல் பெற்றோர் பட்டியலில் அந்த வரிகளைத் தேடுங்கள். மெயினுக்கு நேரடி புஷ் தடைசெய்யப்பட்ட அணிகளில் இது குறைவு. ஆனால் இரண்டு மூன்று பேர் பகிரும் ஃபீச்சர் பிராஞ்ச்களில் அங்கேயும் நடக்கும்.

கிட்டே இதை உணர்ந்துதான் நடந்துகொள்கிறது. 2020-இல் வந்த 2.27 முதல், எப்படிச் சேர்ப்பது என்று தேர்ந்தெடுக்காமல் புல் அடித்தால் எச்சரிக்கை வந்தது. 2021-இல் வந்த 2.33 முதல், இரு பக்கமும் பிரிந்திருந்தால் சேர்க்காமலே நின்றுவிடுகிறது. மூன்று கான்ஃபிக் வரிகளைக் காட்டி ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. அவசரத்தில் பலர் முதல் வரியை அப்படியே காப்பி செய்து ஒட்டுகிறார்கள். அது ‘புல்.ரீபேஸ் ஃபால்ஸ்’, அதாவது பழைய மெர்ஜ். பாதுகாப்புக்காக வைத்த வேலியைத் தாங்களே நிரந்தரமாக எடுத்துவிடுகிறார்கள் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

‘புல் --ரீபேஸ்’ இந்த நோயைத் தீர்க்கிறது. இ-யை எடுத்து உ-வின் மேல் வைக்கும். வரிசை அ, ஆ, ஈ, உ, இ என்று நேராக நிற்கும். இன்னும் புஷ் ஆகாத ஒன்றிரண்டு கமிட்டுகள் மட்டும் கையில் இருந்தால் இதை நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். குறை, பார்க்கும் முன்னே அது கை வைத்துவிடுவதில் இருக்கிறது. உங்கள் பக்கம் ஒரு உள்ளூர் மெர்ஜ் இருந்தால், சொல்லாமலே அதைத் தட்டையாக்கிவிடும்; காக்க ‘--ரீபேஸ்=மெர்ஜஸ்’ என்று தனியாகக் கேட்க வேண்டும். எட்டு கமிட்டுகள் ஒரே ஃபைலைத் தொட்டிருந்தால் அதே கான்ஃப்ளிக்ட் (ஒரே இடத்தில் இரு மாற்றங்கள் மோதுவது) திரும்பத் திரும்ப வரலாம் (‘ரெரெரெ.எனேபிள்டு’ ட்ரூ என்று வைத்தால் ஒருமுறை தீர்த்ததை அது நினைவில் வைத்துக்கொள்ளும்). கான்ஃப்ளிக்ட்டில் ‘அவர்ஸ்’, ‘தெய்ர்ஸ்’ இரண்டும் இடம் மாறும்: ரீபேஸில் ‘அவர்ஸ்’ என்பது சர்வரிலிருந்து வந்தது, ‘தெய்ர்ஸ்’ என்பது உங்கள் கமிட். மெர்ஜ் பழக்கத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துத் தன் வேலையையே தூக்கிப் போடுவது இங்கேதான் அதிகம்.

ஃபெட்ச் வழியில் அடிப்பது இவ்வளவுதான்:

கிட் ஃபெட்ச் --புரூன்
கிட் லாக் --ஒன்லைன் --லெஃப்ட்-ரைட் ஹெட்...ஆரிஜின்/மெயின்

இரண்டாவது வரியில் மூன்று புள்ளி முக்கியம். வரும் பட்டியலில் < குறி உள்ளவை உங்களுடையவை, > குறி உள்ளவை அவர்களுடையவை. > மட்டும் இருந்தால் ‘கிட் மெர்ஜ் --எஃப்எஃப்-ஒன்லி ஆரிஜின்/மெயின்’; புதுக் கமிட் எதுவும் உருவாகாது. இரண்டும் இருந்து, உங்களுடையவை இன்னும் யாருக்கும் போகவில்லை என்றால் ரீபேஸ். உங்களுடையவை ஏற்கெனவே வேறொருவர் கையில் இருந்தால் ரீபேஸ் கூடாது. அவற்றைத் தனி பிராஞ்ச்சாக வைத்துவிட்டு, மெயினை ஆரிஜின்/மெயின் இருக்கும் இடத்துக்குக் கொண்டுவந்து, மெயினில் நின்றுகொண்டு அந்த பிராஞ்ச்சை ‘--நோ-எஃப்எஃப்’ போட்டு மெர்ஜ் செய்யுங்கள். மெர்ஜ்தான், ஆனால் முதல் பெற்றோர் சரியானவர். கான்ஃப்ளிக்ட் வரும் என்று சந்தேகம் இருந்தால் ‘கிட் டிஃப் ஹெட்...ஆரிஜின்/மெயின்’ அடித்தால், பிரிந்த இடத்திலிருந்து அவர்கள் என்ன மாற்றினார்கள் என்பது மட்டும் தெரியும்.

ஃபெட்ச்சின் அவுட்புட்டையும் படிக்கப் பழகுங்கள். ஒரு வரியின் முன்னால் + குறியும் கடைசியில் ‘ஃபோர்ஸ்டு அப்டேட்’ என்றும் வந்தால், சர்வரில் யாரோ வரலாற்றை மாற்றி எழுதியிருக்கிறார்கள். தவறுதலாக ஏறிய பாஸ்வேர்டை நீக்கக்கூட அப்படிச் செய்திருக்கலாம். அந்த நேரத்தில் மெர்ஜ் வகைப் புல் அடித்தால், நீக்கிய பழைய கமிட்டுகள் உங்கள் மெஷினிலிருந்து மறுபடி உயிர்பெற்று அடுத்த புஷ்ஷில் சர்வருக்கே திரும்பப் போகும். இந்த ஒரு வரியைப் பார்த்து நிற்கும் வாய்ப்பு ஃபெட்ச்சில் மட்டும்தான் இருக்கிறது. சர்வரில் அழிந்த பிராஞ்ச் பெயர்களை நம் பக்கமும் நீக்கும் ‘--புரூன்’ சேர்ப்பதற்கும் காரணம் உண்டு: சர்வரில் ‘ஃபிக்ஸ்’ என்ற பிராஞ்ச்சை அழித்துவிட்டு ‘ஃபிக்ஸ்/லாகின்’ என்று உருவாக்கினால், பழைய பெயர் உங்களிடம் கிடக்கும் வரை ரெஃபை (பிராஞ்ச் பெயரை) பூட்ட முடியவில்லை என்ற பிழையோடு ஃபெட்ச் நின்றுவிடும்.

ஃபெட்ச்சுக்கும் குழிகள் உண்டு. ‘கிட் ஸ்டேட்டஸ்’ சர்வரைக் கேட்பதில்லை. ‘அப் டு டேட்’ என்று அது சொல்வது கடைசியாக ஃபெட்ச் அடித்த நேரத்து நிலவரம். இதைவிட ஆபத்தான ஒன்று, எடிட்டர் பின்னணியில் தானாக அடிக்கும் ஃபெட்ச். விஎஸ் கோடில் ஆட்டோஃபெட்ச்சை ஆன் செய்தால் 180 விநாடிக்கு ஒருமுறை ஓடும். சர்வரில் இருப்பதை மேலெழுதும் ‘--ஃபோர்ஸ்-வித்-லீஸ்’ போட்டு புஷ் செய்யும்போது, ஆரிஜின் பெயர் சர்வரோடு பொருந்துகிறதா என்று மட்டும்தான் கிட் பார்க்கும். பின்னணி ஃபெட்ச் அந்தப் பெயரை ஏற்கெனவே நகர்த்தியிருந்தால், நீங்கள் பார்க்காத சக ஊழியரின் கமிட் உங்கள் புஷ்ஷில் அடிபட்டுப் போகும். 2.30 முதல் உள்ள ‘--ஃபோர்ஸ்-இஃப்-இன்க்லூட்ஸ்’ஸைச் சேர்த்துப் போடுங்கள், அல்லது ஆட்டோஃபெட்ச்சை நிறுத்துங்கள். நான் நிறுத்தச் சொல்வேன்.

பல ஜிபி மோனோரெப்போக்களில் (பல திட்டங்கள் ஒன்றாக இருக்கும் ரெப்போக்களில்) எனக்குப் பழக்கம் குறைவு. பார்ஷியல் குளோனில் (எல்லா ஃபைல்களையும் இறக்காத பிரதியில்) டிஃப் அடித்தாலே கையில் இல்லாத ஃபைல்கள் சர்வரிலிருந்து இறங்கும். ஆகவே சேர்க்கும் முன் பார்ப்பது செலவில்லாத வேலை என்ற என் வாதம் அங்கே அப்படியே செல்லாது.

அணி முழுவதையும் ஃபெட்ச்சுக்கு மாற்ற முடியாவிட்டால், குறைந்தபட்சம் இந்த ஒரு வரியை எல்லா மெஷினிலும் போட்டுவிடுங்கள்:

கிட் கான்ஃபிக் --குளோபல் புல்.எஃப்எஃப் ஒன்லி

இதன்பின் புல் நேராக முன்னேற முடிந்தால் மட்டும் முன்னேறும். பிரிந்திருந்தால் ஃபாஸ்ட் ஃபார்வர்ட் முடியாது என்று சொல்லி நின்றுவிடும், ஃபெட்ச் பகுதி மட்டும் நடந்திருக்கும். அந்த இடத்தில் லாக் பார்த்து முடிவெடுக்கலாம். வேண்டுமென்றால் ‘புல் --ரீபேஸ்’ என்று வெளிப்படையாக அடித்தால் அதற்கும் வழிவிடும். யாரும் கமிட் போடாத டெப்ளாய் சர்வருக்கும் இதுவே போதும்: அங்கே புல் நின்றால், சர்வருக்குள் நுழைந்து யாரோ கமிட் போட்டிருக்கிறார்கள், அல்லது ரிமோட்டில் வரலாறு மாறியிருக்கிறது. இரண்டில் எது என்று பார்க்காமல் அங்கே எதையும் மெர்ஜ் செய்யக் கூடாது.