ஒரே மலைப்பாதையில் இரண்டு 911: 1965-ஆம் ஆண்டு வண்டியும் புதிய கரேராவும்

பழைய காரையும் புதிய ஸ்போர்ட்ஸ் காரையும் ஒப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் ஒன்றுக்கொன்று உறவே இல்லாத இரண்டு வண்டிகளை எடுத்துக்கொள்கிறார்கள். அவ்வாறு செய்தால் காலம் எதை மாற்றியது, உற்பத்தியாளரின் சுபாவம் எதை மாற்றியது என்று பிரித்தறிய முடியாது. ஆகவே ஒரே குடும்பத்தைச் சேர்ந்த இரண்டு வண்டிகளைத் தேர்ந்தெடுத்தேன்: 1965-ஆம் ஆண்டின் போர்ஷே 911, மற்றும் 992 என்ற உள்குறியீட்டால் அறியப்படும் தலைமுறையின் அடிப்படை வகையான 911 கரேரா (2024-இல் புதுப்பிக்கப்படுவதற்கு முந்தையது). இரண்டையும் ஜெர்மனியின் கருங்காட்டில், பாடன்பாடனிலிருந்து ஃப்ராய்டன்ஷ்டாட் செல்லும் மலைச்சாலையில் அடுத்தடுத்த நாட்களில் ஓட்டினேன்.

1963-இல் ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் 901 என்ற பெயரில் அறிமுகமான வண்டி, நடுவில் பூஜ்யம் வரும் மூன்று இலக்கப் பெயர்கள் தமக்கே உரியவை என்று பிரெஞ்சுக் கார் நிறுவனமான பெஜோ ஆட்சேபித்ததால் 911 ஆனது. இரண்டு லிட்டர், ஆறு சிலிண்டர், காற்றால் குளிரும் என்ஜின், 130 குதிரைத்திறன், எடை ஏறக்குறைய 1,080 கிலோ. நான் ஓட்டிய கரேராவில் இரட்டை டர்போவுடன் கூடிய மூன்று லிட்டர் என்ஜின் 385 குதிரைத்திறன் தருகிறது. எடை 1,505 கிலோ. அகலம் 1,610 மில்லிமீட்டரிலிருந்து 1,852 ஆகப் பெருகியிருக்கிறது. மலைச்சாலையில் என்னை அதிகம் பாதித்தது இந்த அகலம்தான். பழைய வண்டியில் நம் தடத்துக்குள்ளேயே வளைவை எப்படி எடுப்பது என்று தேர்ந்துகொள்ள இடமிருக்கிறது. புதியது தடத்தை முழுவதுமாக நிரப்பிவிடுவதால் அந்தத் தேர்வு நம்மிடம் இல்லை.

பழைய வண்டியின் ஸ்டியரிங்கைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் எனக்குப் போதாது. பவர் உதவி இல்லை. என்ஜின் பின் அச்சுக்கும் அப்பால் தொங்குவதால் முன்சக்கரங்களின் மேல் பாரமும் குறைவு. எனவே சாலையின் ஒவ்வொரு ஒட்டும், நனைந்த இலையும்கூட, விரல்களுக்கு வந்து சேர்கிறது. அதே அமைப்புதான் அதன் ஆபத்தும். வளைவின் நடுவே அஞ்சி ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பாரம் முன்னே சாய்ந்து, பின்புறம் வெளியே வீசத் தொடங்கும். தொடக்ககால வண்டிகளின் முன் பம்பரின் இரு மூலைகளிலும் 11 கிலோ வார்ப்பிரும்புக் கட்டிகளைத் தொழிற்சாலையே வைத்து அனுப்பியதும், 1969 மாடலில் அச்சுகளுக்கிடையேயான தூரத்தை 57 மில்லிமீட்டர் நீட்டியதும் இக்குணத்தை அடக்கத்தான். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, உள்ளே நுழைந்தபின் மெல்ல முடுக்கினால், அதே பின்பாரம் பின்சக்கரங்களைத் தரையில் அழுத்தி வண்டியை வளைவிலிருந்து முன்னோக்கித் தள்ளிவிடும். இதைச் சரியாகச் செய்த ஒவ்வொரு வளைவிலும் எனக்கு உண்டான மகிழ்ச்சிக்கு மணிக்கு 70 கிலோமீட்டர் வேகமே போதுமானதாக இருந்தது.

அதே வளைவுகளைக் கரேரா அதைவிட மிக அதிக வேகத்தில், எந்தச் சிரமமும் இன்றிக் கடந்தது. நூறு கிலோமீட்டர் வேகத்தை அது 4.2 விநாடிகளில் எட்டுகிறது. பழையதற்கு ஒன்பது விநாடிகளுக்கு மேல் ஆகும். முன்சக்கரங்களை மூடும் கூடுகளுக்குள் இருக்கும் ஒலி உணரிகள் டயர் வாரியிறைக்கும் நீரின் சத்தத்தைக் கேட்டு, சாலை ஈரமாக இருப்பதை ஓட்டுநருக்கு அறிவிக்கின்றன. மழை பிடித்த பிற்பகலில் இதற்கு மனமார நன்றி சொன்னேன். எட்டு வேகத் தானியங்கி கியர் பெட்டி நான் நினைப்பதற்குள் கியரை மாற்றிவிடுகிறது. ஆயினும் சட்டம் அனுமதிக்கும் வேகத்துக்குள் இந்த வண்டி தன் திறமையில் பாதியைக்கூடக் காட்டுவதில்லை. ஜெர்மனியின் அதிவேக நெடுஞ்சாலையான ஆட்டோபானில் வேக வரம்பில்லாத பகுதியிலோ பந்தயத் தடத்திலோதான் அது உண்மையில் விழித்துக்கொள்கிறது. கிராமங்களின் வழியே செல்லும் மலைச்சாலையில் அந்த வேகத்தை நாடுவது முறையுமல்ல.

உள்ளே அமர்ந்தால் உறவு தெரிகிறது: இரண்டிலும் வண்டியைக் கிளப்புவது ஸ்டியரிங்கின் இடப்பக்கத்தில்; இரண்டிலும் நடு வட்டம் என்ஜின் சுழற்சியைக் காட்டுகிறது. ஆனால் பழையதில் முதல் கியர் இடப்புறம் கீழே இருப்பதால், பழகாதவர் சிக்னலில் தடுமாறுவார்.

ஒரே ஒரு கார்தான் வைத்துக்கொள்ள முடியும், அதில் தினமும் அலுவலகம் செல்ல வேண்டும், குடும்பத்தையும் ஏற்றிச்செல்ல வேண்டும் என்பவர் தயங்காமல் கரேராவை எடுக்கலாம். ஏர்பேக்கும் ஏபிஎஸ்ஸும் இல்லாத வண்டியில் நெடுஞ்சாலையில் நாள்தோறும் செல்லும்படி யாரையும் நான் தூண்ட மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலைகளுக்கு மட்டும் ஒரு வண்டி என்றால் என் தேர்வு பழையதே. அதை வாங்க முற்படுவோர் என்ஜினுக்கு முன்பாக அடித்தட்டைப் பார்க்க வேண்டும். துத்தநாகம் பூசிய உடற்கூடு 1976 மாடலில்தான் வந்தது. அதற்கு முந்தையவற்றில் கதவுக்குக் கீழுள்ள பட்டைகளும் முன்பக்க பேட்டரி இருக்கும் இடமும் பளபளக்கும் பெயிண்டின் அடியில் துருவேறிக் கிடக்கலாம். எண்ணெய் அளவை, என்ஜின் நன்றாகச் சூடேறி ஓடிக்கொண்டிருக்கும்போது சமதளத்தில் நிறுத்தித்தான் பார்க்க வேண்டும்; குளிர்ந்த என்ஜினில் அளவுக்குச்சி காட்டும் குறைவை நம்பி மேலும் ஊற்றிவிடக் கூடாது.