1,080 கிராம்: ஒரு ஹெல்மெட்டோடு பதினான்கு மாதம்

கடைக்காரர் "ஒரு கிலோகூட வராது மேடம்" என்றார். வீட்டுக்கு வந்ததும் பலகாரத்துக்கு மாவு நிறுக்கும் சின்னத் தராசில் வைத்துப் பார்த்தேன். 1,080 கிராம். அந்த எண்பது கிராமை மன்னித்துவிட்டேன். அதற்கு முன் என்னிடம் இருந்தது வண்டி வாங்கியபோது ஷோரூமில் கொடுத்தது. அதைப் போட்டால் தேர்மேல் தகரக் கொட்டகையைக் கவிழ்த்த மாதிரி இருக்கும். தலை ஒரு பக்கம் திரும்பும், ஹெல்மெட் அங்கேயே நிற்கும். வண்டி விற்கும்போது தரமான ஹெல்மெட்டும் சேர்த்துத் தர வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளிலேயே இருக்கிறது. எனக்குக் கொடுத்தார்கள்தான். பிறகு பில்லைப் பிரித்துப் பார்த்தால் 'ஆக்சஸரீஸ்' என்ற வரியில் அதற்கும் காசு. என் தலை என்ன அளவு என்று யாரும் கேட்கவில்லை.

நான் கணக்கு டீச்சர். வீடு தஞ்சாவூரில், பள்ளிக்கூடம் ஒரத்தநாடு பக்கம். ஸ்கூட்டரில் போக வர ஐம்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அதனால் இது பத்து நாள் போட்டுப் பார்த்துவிட்டு எழுதும் விமர்சனம் இல்லை. கம்பெனி பெயரை மட்டும் எழுதப் போவதில்லை; எழுதினால் ஸ்டாஃப் ரூமில் "எவ்வளவு குடுத்தாங்க டீச்சர்?" என்பார்கள்.

விலை 1,450 ரூபாய், 18 சதவீத ஜிஎஸ்டி உட்பட. ஹெல்மெட் போடாவிட்டால் அபராதம் 1,000 ரூபாய். தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில்தான் அது நூறிலிருந்து ஆயிரம் ஆனது. அதாவது நல்ல ஹெல்மெட் ஒன்று, போலீஸிடம் மாட்டிக்கொள்வதில் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு. சாலையோரத்தில் குடை நிழலில் அடுக்கி வைத்திருக்கும் 250 ரூபாய் ஹெல்மெட், மாட்டிக்கொள்வதில் கால் பங்கு. இதை எட்டாம் வகுப்பில் விகிதக் கணக்காகக் கொடுத்தால் பின்பெஞ்சுப் பையன்கூடச் சரியான விடை சொல்வான். 250 ரூபாய்ச் சரக்கிலும் ஐஎஸ்ஐ ஸ்டிக்கர் உண்டு, நகத்தால் கீறினால் வந்துவிடும். முத்திரை இல்லாத ஹெல்மெட்டை விற்பதே குற்றம் என்று 2021 ஜூன் 1 முதல் விதி இருக்கிறது. விற்பவர் குடைக்கு அடியில் இருக்கிறார், அபராதம் வசூலிக்கும் போலீஸ்காரர் அதே சாலையில் இருபது அடி தள்ளி நிற்கிறார். இருவருக்கும் டீ ஒரே கடையிலிருந்து போகிறது.

(வாங்குகிறவர்களுக்கு ஒன்று: முத்திரையில் IS 4151 என்ற ஹெல்மெட் தர எண்ணைப் படித்ததோடு நிறுத்திவிடாதீர்கள். அதன் கீழே உரிம எண் இருக்கும். அதை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பிஐஎஸ் கேர் செயலியில் தட்டினால் எந்தக் கம்பெனிக்குக் கொடுத்தது என்று வரும். நான் கடையிலேயே நின்று தட்டினேன். கடைக்காரருக்கு முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும், ஆனால் எண் சரியாகத்தான் இருந்தது.)

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். உள் துணியைக் கழற்றித் துவைக்கலாம். ஷாம்பு போட்டு அலசி நிழலில் போட்டால் அரை நாளில் காய்கிறது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் செய்யவில்லையென்றால் புதன்கிழமைக்குள் ஊறவைத்த புளி வாடை வந்துவிடும். முன்கண்ணாடி தெளிவு. புது ஆறு என்கிற கல்லணைக் கால்வாய்க் கரை வழியாக மாலையில் வரும்போது கண்ணில் பூச்சி அடிக்கும் தொல்லை போயே போயிற்று. தாடைப் பட்டையின் பூட்டு, கார் சீட் பெல்ட் மாதிரி 'க்ளிக்'. ஒரு கையில் போட்டு ஒரு கையில் கழற்றலாம்.

கெட்டது: அந்த 'க்ளிக்' பூட்டுதான். பழைய இரட்டை வளையப் பூட்டாக இருந்தால் வளையத்தை சீட்டுக்கு அடியில் இருக்கும் கொக்கியில் மாட்டி, சீட்டை மூடிப் பூட்டிவிட்டுப் போகலாம். இதில் மாட்ட வளையமே இல்லை. சீட்டுக்கு அடியில் வைக்கலாமென்றால் ஹெல்மெட் நுழையாது. சாப்பாட்டுக் கூடை மட்டும் நுழையும். ஆக, எங்கே போனாலும் இந்த 1,080 கிராமை இடுப்பில் பிள்ளை மாதிரி தூக்கிக்கொண்டு அலைய வேண்டும். காய்கறி வாங்கும்போது, பேங்கில், கல்யாண மண்டபத்தில் பந்தியில் உட்கார்ந்து காலுக்கு நடுவில். ஒரு மண்டபத்து வாசலில் வண்டிக் கண்ணாடிமேல் மாட்டிவிட்டுப் போன என் கணவரின் ஹெல்மெட், ரசம் வருவதற்குள் காணாமல் போனது. பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டாண்டில் வண்டிக்கு ஒரு காசு, ஹெல்மெட்டுக்குத் தனிக் காசு. கடைசியில் 120 ரூபாய்க்கு எண் போட்ட கம்பிப் பூட்டு ஒன்று வாங்கினேன். ஹெல்மெட் விமர்சனத்தில் பூட்டுக்கும் சேர்த்து நட்சத்திரம் கொடுக்க வேண்டியிருக்கிறது.

அப்புறம் தலைமுடி. ஆண்கள் எழுதும் ஹெல்மெட் விமர்சனங்களில் இது வரவே வராது. உச்சியில் கொண்டை போட்டால் ஹெல்மெட் இறங்காது. பிடரிக்குக் கீழே இறக்கிப் போட வேண்டும், அல்லது பின்னல்தான். வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்து ஈரத்தோடு போட்டால் பள்ளிக்கூடம் போய்ச் சேர்வதற்குள் தலை வெந்துவிடும். பூ வைக்கவே முடியாது. மல்லிகைச் சரத்தைக் கைப்பையில் வாழை இலைத் துண்டில் சுற்றி எடுத்துப் போய், பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்திவிட்டு வைத்துக்கொள்வேன். முதல் இரண்டு மாதம் வெள்ளிக்கிழமைகளில் ஹெல்மெட்டையே மறந்துவிடுவேன். மறப்பேன் என்றால், மறந்துவிட்டேன் என்று எனக்கே சொல்லிக்கொள்வேன்.

ஹெல்மெட் போடாததற்கு எங்கள் ஸ்டாஃப் ரூமில் ஒரு நிரந்தர விளக்கம் உண்டு. "நம்ம ஜனங்க ரத்தத்துலயே இல்ல டீச்சர். சிங்கப்பூர்ல போய்ப் பாருங்க." சொல்பவர் மூத்த ஆசிரியர். அவருடைய ஹெல்மெட் வண்டியின் கைப்பிடியில் தொங்கிக்கொண்டு வரும். சோதனை இருந்தால் எதிரே வருகிறவர்கள் ஹெட்லைட்டை அணைத்து அணைத்துப் போடுவார்கள், உடனே தலைக்கு ஏறும். பாலம் தாண்டியதும் கைப்பிடிக்கு இறங்கும். 2015 ஜூலை 1 அன்று சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் ஹெல்மெட் கட்டாயமானபோது அவர் வாங்கியது அது. அப்போது பிடிபட்டால் ஆர்சியை வாங்கி வைத்துக்கொள்வார்கள், ஐஎஸ்ஐ ஹெல்மெட் வாங்கிய பில்லைக் காட்டினால்தான் திருப்பித் தருவார்கள். அதனால் தமிழ்நாடே ஹெல்மெட் வாங்கியது. பில்லைத்தானே கேட்டார்கள்.

ரத்தம் என்கிற அந்தப் பேச்சை நானும் பாதி நம்பிக்கொண்டிருந்தேன், போன ஆகஸ்டில் யாழ்ப்பாணம் போகும் வரை.

அக்காவின் சம்பந்தி வீடு கொக்குவிலில். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பலில் போனோம், நாலு மணி நேரம். நல்லூர்த் திருவிழா நேரம். முதல் நாள் மாலை, சம்பந்தியம்மா கோயிலுக்குக் கிளம்பினார். அறுபது வயதைத் தாண்டியவர். பட்டுச்சேலை, திருநீறு, கையில் அர்ச்சனைத் தட்டு வைத்த பை. முற்றத்தில் நம்மூர் டிவிஎஸ் ஸ்கூட்டி. ஏறுவதற்கு முன் சுவர் ஆணியிலிருந்து இரண்டு ஹெல்மெட்டை எடுத்தார். ஒன்று அவருக்கு. இன்னொன்றை என்னிடம் நீட்டி, "பிள்ளை, போடுங்கோ" என்றார்.

பின்னால் உட்காருகிறவளுக்கா? கோயில் பக்கத்தில்தானே இருக்கிறது?

"ஒழுங்கைக்குள்ள எண்டா பரவாயில்லை. றோட்டுக்கு ஏறினா பொலிஸ் மறிப்பான்."

ஒழுங்கை என்றால் அங்கே சந்து. அவ்வளவுதான். ஒழுக்கம், பண்பாடு, உயிரின் அருமை எதுவும் அந்தப் பேச்சில் இல்லை. ஆணியில் இன்னும் இரண்டு தொங்கின, விருந்தாளிகளுக்காம். வழி நெடுக எண்ணிக்கொண்டே போனேன், கணக்கு டீச்சர் புத்தி. முன்னால் இருப்பவர், பின்னால் இருப்பவர், சேலை, வேட்டி, டியூஷன் விட்டு வரும் பிள்ளைகள், எல்லோர் தலையிலும் ஹெல்மெட். அதே வெயில், அதே மொழி, அதே முருகன், அதே டிவிஎஸ். பூவைக்கூட அவர் கோயில் வாசலில் போய்த்தான் வைத்துக்கொண்டார், நான் வேப்பமரத்தடியில் செய்கிற மாதிரியே.

சரி, அங்கே எல்லோரும் விதியை மதிக்கும் புண்ணியவான்களா? அடுத்த நாள் தனியார் பஸ்ஸும் அரசின் இ.போ.ச. பஸ்ஸும் ஆட்களை ஏற்ற ஒன்றையொன்று முந்திக்கொண்டு ஓடின ஓட்டத்தைப் பார்த்தேன். நானிருந்த பஸ்ஸில் கம்பியைப் பிடித்த கை சிவந்துவிட்டது. ஓரிடத்தில் 'குப்பை கொட்டாதீர்' பலகையின் காலடியிலேயே குப்பை மேடு. தஞ்சாவூர் மாதிரியே இருந்ததால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாகவும் இருந்தது. எந்த விதிக்கு ஆள் தினமும் நிற்கிறானோ அது மட்டும் தலைக்கு ஏறியிருக்கிறது. பிறகு ஆணி, அதில் நாலு ஹெல்மெட், "போடுங்கோ" என்று கை நீட்டும் பழக்கம் எல்லாம் அதன்மேல் வளர்ந்திருக்கின்றன. இன்னும் முப்பது வருடம் கழித்து வருகிறவர், யாழ்ப்பாணத்தார் இயல்பிலேயே கட்டுப்பாடானவர்கள் என்று எழுதிவிட்டுப் போவார்.

நாலு நாளில் எனக்குப் பழகிவிட்டது. கடைசி நாள் ஹெல்மெட் இல்லாமல் முற்றத்தில் வண்டியை நகர்த்தியபோதே கழுத்து லேசாக இருப்பது போல் ஒரு கூச்சம். ஊர் திரும்பினேன். செப்டம்பர் கடைசி வெள்ளிக்கிழமை, தலைக்குக் குளித்த ஈரத்தோடு, ஹெல்மெட்டைக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு பள்ளிக்குப் போனேன். அதே ரத்தம், நாலு வாரம். இதைத்தான் மூத்த ஆசிரியரிடம் சொன்னேன். அவர் "நீங்களும் நம்ம ஜனம்தானே" என்று சிரித்தார். அவரை ஜெயிக்க முடியாது.

இந்த பிப்ரவரியில்தான் ஹெல்மெட்டுக்கு உண்மையான பரீட்சை வந்தது.

சம்பா அறுவடை நேரத்தில் எங்கள் பக்கம் சாலையில் பாதி, சாலை இல்லை. நெல் காயும். மாலையில் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடி, ஓரத்தில் கருங்கல் வைத்திருப்பார்கள். சாலையில் நெல் காயப்போடக் கூடாது என்பது யாருக்கும் தெரியாத விதி அல்ல. அன்று மாலை எதிரே வந்த பேருந்துக்கு ஒதுங்கினேன். முன்சக்கரம் நெல் விளிம்பில் ஏறியது. நெல் மேல் ஏறிய சக்கரம் எண்ணெய் மேல் ஏறிய மாதிரி. வண்டி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். ஹெல்மெட்டின் இடதுபுறம் கல்லில் மோதிய சத்தம் உள்ளே தேங்காய் உடைக்கிற மாதிரிக் கேட்டது. முழங்கையிலும் முட்டியிலும் சிராய்ப்பு, வேறொன்றும் இல்லை.

ஓடிவந்தவர் நெல்லுக்குச் சொந்தக்காரர். என் மாணவனின் அப்பா, அந்த நேரத்தில் இது வேறு. தண்ணீர் கொடுத்து உட்காரவைத்தார். எனக்குக் கோபம். "ரோட்டுல காயப்போடுறீங்களே, யாராவது செத்தா?" என்றேன். அவர் குரலே எழவில்லை. "ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல இருந்தா கொள்முதல் நிலையத்துல எடுக்கமாட்டாங்க டீச்சர். இருந்த களத்துல மூணு வருஷத்துக்கு முன்ன கட்டடம் கட்டிட்டாங்க. ராத்திரி பனி. இந்தத் தார் ரோட்டுச் சூட்டை விட்டா வேற எங்க காயவைப்பேன், நீங்களே சொல்லுங்க."

என்னால் சொல்ல முடியவில்லை. ஆனால் கல்லை வைத்தது எந்தக் கொள்முதல் விதியும் இல்லையே, மண் மூட்டை வைத்திருக்கலாமே என்று வீட்டுக்கு வந்த பிறகு தோன்றியது. மறுநாள் சொல்லியனுப்பினேன். அந்த வாரம் முழுக்க மூட்டைகள் இருந்தன. அடுத்த வாரம் பக்கத்து வயல்காரர் நெல், மறுபடியும் கல்.

ஒன்றை மறைக்காமல் எழுதிவிட வேண்டும். அன்று ஹெல்மெட் என் தலையில் இருந்ததற்கு நான் காரணம் இல்லை. ஒரத்தநாட்டுச் சந்திப்பில் ஒரு காவலர் நின்றார். எதிரே வந்தவர் ஹெட்லைட் போட்டுக் காட்டினார். எடுத்து மாட்டினேன், 'க்ளிக்'. ஒரு கையில் மாட்ட முடிகிற பூட்டு என்பதால் வண்டியை நிறுத்தாமலே முடிந்தது. சந்திப்பு தாண்டியதும் கழற்றியிருப்பேன், மழைத் தூறல் விழுந்ததால் விட்டுவிட்டேன்.

ஒருமுறை பலமாக அடி வாங்கிய ஹெல்மெட்டை மறுபடி போடக் கூடாது. வெளியே கீறல்தான் தெரியும், உள்ளே அடியை வாங்கிக்கொள்ளும் தெர்மாகோல் நசுங்கியிருக்கும். கழற்றிப் பார்த்தேன், இடதுபக்கம் விரல் வைக்கிற அளவுக்குக் குழி. அதனால் அதே கடையில் அதே ஹெல்மெட்டை மறுபடி வாங்கினேன், இந்த முறை இரண்டு. இன்னொன்று பின்னால் உட்காருகிறவர்களுக்கு. வீட்டு வாசல் சுவரில் இரண்டு ஆணியும் அடித்தாயிற்று. கறுப்பை விட்டு வெள்ளை எடுத்தேன், சித்திரை வெயிலுக்கு. கடையில் எடுக்கும்போது போட்டுப் பார்த்துத் தலையை ஆட்டுங்கள், கன்னச் சதையும் கூடவே ஆட வேண்டும். ஆடாவிட்டால் ஓர் அளவு குறைத்துக் கேளுங்கள். கொண்டையை மறக்காமல் வீட்டிலேயே இறக்கிப் போட்டுக்கொண்டு போங்கள், இல்லையென்றால் கடைக்காரர் பெரிய சைஸைத் தலையில் கட்டிவிடுவார்.

பூட்டுக்கு இரண்டு நட்சத்திரம், மற்றதுக்கெல்லாம் நாலரை.