3 லட்சம் கிமீ தாண்டுன லெக்சஸ் எல்எஸ் 430: சார்ஜாவுல வாங்கி ஓட்டுறவனோட ரிவ்யூ

2005 மாடல், வெள்ளை கலர், ஜிசிசி ஸ்பெக் (வளைகுடா நாடுகளுக்குன்னே செஞ்ச வண்டி), வாங்கும்போதே மீட்டர்ல 3,10,000 கிமீ தாண்டி இருந்துச்சு. குடுத்த காசுக்கு ஒரு சுமாரான பழைய சன்னியோ யாரிஸோ எடுத்திருக்கலாம், ரூம்ல இருக்கறவனுங்க எல்லாம் அதையே தான் சொன்னானுங்க, "மூணு லட்சம் ஓடுன வண்டியாடா, வீட்டு வாசல்லயே நின்னுடும்டா"ன்னு. அவனுங்களே இப்ப வெள்ளிக்கிழமை ஆனா கோர்ஃபக்கான் பீச்சுக்கு போலாமான்னு சாவிய பாக்குறானுங்க, அத விடுங்க.

இந்த வண்டிய பத்தி தெரியாதவங்களுக்கு கொஞ்சம். லெக்சஸ்ங்கறது டொயோட்டாவோட சொகுசு பிராண்டு, அதுல எல்எஸ் 430 வந்தது 2000ல, 2006 வரைக்கும் போட்டாங்க. ஜப்பான்ல இதே வண்டி டொயோட்டா செல்சியர்ங்கற பேர்ல ஓடுச்சு. உள்ள இருக்கறது 4.3 லிட்டர் வி8, 3யூஇசட் எஞ்சின். 2004 மாடல்ல இருந்து 6 ஸ்பீடு கியர்பாக்ஸ், அதுக்கு முன்னாடி 5 ஸ்பீடு. ரெண்டுமே நல்ல கியர்பாக்ஸ் தான், ஆனா ரெண்டுக்கும் ஆயில் வேற வேற (பழசுக்கு டி-4, புதுசுக்கு டபிள்யூஎஸ்), இத கூட பாக்காம கையில கிடைச்சத ஊத்துற கராஜ் இங்க நிறைய இருக்கு, டப்பாவ கண்ணால பாத்துட்டு ஊத்த சொல்லுங்க.

கிலோமீட்டர் விஷயத்துக்கு வர்றேன். இதுக்கு முன்னாடி வந்த எல்எஸ் 400, 1996 மாடல் ஒண்ணு, அமெரிக்காவுல 2019ல 10 லட்சம் மைல் தொட்டுச்சு, அதாவது 16 லட்சம் கிமீ. அந்த கணக்குல பாத்தா நம்ம 3 லட்சம் எல்லாம் ஒண்ணுமே இல்ல. ஆனா இத கேட்டுட்டு உடனே ஓடிப்போய் எந்த எல்எஸ்ஸ வேணா வாங்கிடலாம்னு நினைக்காதீங்க. எஞ்சின் ஓடும், அதுல சந்தேகமே இல்ல. எஞ்சின சுத்தி இருக்கற ரப்பரும் பிளாஸ்டிக்கும் தான் இந்த வெயில்ல செத்துப்போகும். 3 லட்சம் ஓடி ஒழுங்கா பாத்துக்கிட்ட வண்டி ஒண்ணு, 1.5 லட்சம் ஓடி ஏதோ ஒரு வில்லா வாசல்ல வெயில்லயே நின்ன வண்டி ஒண்ணு, ரெண்டும் ஒரே விலைன்னா நான் 3 லட்சத்த தான் எடுப்பேன்.

வாங்குற இடம். முன்னாடி எல்லாம் சார்ஜாவுல அபு ஷகாரா ஏரியா பக்கம் போனா தெரு முழுக்க பழைய வண்டி தான், இப்ப எல்லாம் சூக் அல் ஹராஜ்ங்கற பழைய வண்டி மார்க்கெட்டுக்கு போயிடுச்சு. அங்க சும்மா ஒரு ரவுண்டு போய் பாக்கலாம், விலை எப்படி இருக்குன்னு ஒரு ஐடியா கிடைக்கும், ஆனா அங்க நிக்கிற வண்டி எல்லாம் பாலீஷ் போட்டு, எஞ்சின் கழுவி, டயருக்கு பளபளன்னு ஏதோ தடவி வச்சிருப்பான், கழுவுன எஞ்சின்ல எங்க லீக்குன்னு எப்படி கண்டுபிடிக்கறது. அதனால நான் ஓனர்கிட்ட நேரா வாங்கறது தான் நல்லதுன்னு முடிவு பண்ணி தேடினேன்.

தேடும்போது மூணு விஷயம் கவனிக்கணும். ஒண்ணு அமெரிக்கன் ஸ்பெக், அதாவது அமெரிக்காவுல விக்க செஞ்ச வண்டி. அங்க ஆக்சிடென்ட் ஆகி ஏலத்துல போன வண்டிய இங்க கொண்டு வந்து தட்டி பெயிண்ட் அடிச்சு விக்கிறது ரொம்ப சாதாரணம், அதுவும் அந்த வண்டில மீட்டர் மைல் கணக்கு. 1,80,000னு போட்டோ போட்டிருப்பான், அடடா கம்மியா ஓடிருக்கேன்னு போனா அது மைல், கிமீல கிட்டத்தட்ட 2,90,000. ரெண்டாவது 2024 ஏப்ரல் மழை. ஏப்ரல் 16 அன்னைக்கு சார்ஜா முழுக்க மிதந்தது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும், அப்ப தண்ணில நின்ன வண்டி எத்தனையோ காய வச்சு கைமாறிருக்கு. சீட் பெல்ட்ட கடைசி வரைக்கும் இழுத்து பாருங்க, அடி பெல்ட்ல சேத்துக்கறை கோடு மாதிரி நிக்கும். சீட்டுக்கு அடியில இருக்கற ரயில்ல துரு இருக்கா பாருங்க, டிக்கில ஸ்டெப்னிய தூக்கி அந்த குழில விரல வச்சு தடவுங்க, மண்ணு ஒட்டுச்சுன்னா ஸலாம் சொல்லிட்டு கிளம்பிடலாம்.

மூணாவது ஹாஃப் அல்ட்ரா, ஃபுல் அல்ட்ரா கதை. இங்க அரபி பசங்க எல்எஸ்ஸ இப்படி தான் பிரிச்சு சொல்லுவாங்க, ஃபுல் அல்ட்ரான்னா ஏர் சஸ்பென்ஷன் (ஸ்ப்ரிங்குக்கு பதிலா காத்துல நிக்கறது), பின் சீட்டுல மசாஜு, சில வண்டில பின்னாடி குட்டி ஃப்ரிட்ஜு கூட இருக்கும். கேக்க நல்லா தான் இருக்கு. 20 வருஷம் ஆன ஏர் சஸ்பென்ஷன் என்ன நிலைமைல இருக்கும்னு யோசிங்க, ராத்திரி நிறுத்திட்டு காலைல வந்தா ஒரு பக்கம் ஒட்டகம் மாதிரி மண்டி போட்டு உக்காந்திருக்கும். நாலு பக்கமும் புதுசு போட்டா வண்டி விலைல பாதி போயிடும். சம்பளத்துல ஓட்டுறவனுக்கு சாதா ஸ்ப்ரிங் வண்டி தான் சரி, என்னோடது அது தான்.

நான் வாங்குனது ஒரு எகிப்து பெரியவர்கிட்ட. ஊருக்கே திரும்பி போறார், அதனால விக்கிறார். வாட்சப்லயே "எஞ்சின சூடு பண்ணாம வைங்க, காலைல வர்றேன்"னு சொல்லிட்டேன், போய் முதல்ல பானட் மேல கைய வச்சு பாத்தேன், சில்லுன்னு இருந்துச்சு. ஸ்டார்ட் பண்ணா ஒரு ரெண்டு செகண்ட் உறுமிட்டு அப்படியே அடங்கிடுச்சு, பின்னாடி புகை இல்ல. டிரைவ்ல போட்டு பிரேக்க மிதிச்சு நிறுத்தினா மட்டும் ஸ்டீயரிங்ல லேசா ஒரு நடுக்கம். அப்புறம் ஒரு ஃபைல எடுத்துட்டு வந்தார் பாருங்க, 2005ல இருந்து பில்லு. பாதி பில்லு எழுத்தே மங்கிப்போய் வெள்ளைப் பேப்பரா இருக்கு, ஆனா அது மேல பேனாவால தேதியும் கிலோமீட்டரும் அரபில எழுதி வச்சிருக்கார் மனுஷன். அதுல டைமிங் பெல்ட் மாத்துன பில்லு 1,52,000ல ஒண்ணு தான் இருந்துச்சு. இந்த எஞ்சினுக்கு சுமார் 1,50,000 கிமீக்கு ஒரு தடவை பெல்ட் மாத்தணும், அப்ப ரெண்டாவது தடவை டைம் தாண்டிடுச்சு. பெல்ட் அறுந்தா வால்வு போய் பிஸ்டன்ல அடிக்கும், எஞ்சினே காலி. டார்ச் அடிச்சு பாத்தா வாட்டர் பம்ப் கிட்ட ரோஸ் கலர்ல உப்பு பூத்த மாதிரி படிஞ்சிருக்கு, கூலண்ட் லேசா கசிஞ்சு காய்ஞ்சது அது. இந்த ரெண்டையும் காட்டி விலைய பேசினேன், அவரும் நியாயமான மனுஷன், குறைச்சார்.

அதனால முல்கியா (வண்டியோட ரிஜிஸ்ட்ரேஷன் கார்டு) என் பேருக்கு வந்த கையோட முதல் வேலை பெல்ட். பெல்ட் மட்டும் மாத்தாதீங்க, டென்ஷனர், ரெண்டு புல்லி, வாட்டர் பம்ப் எல்லாம் ஒரே கிட்டா ஐசின் கம்பெனில வருது, ஒரு தடவை பிரிக்கும்போதே எல்லாத்தையும் போட்டுடணும். எனக்கு லேபரோட 1,500 திர்ஹாம் கிட்ட ஆச்சு.

அந்த நடுக்கம் தான் கொஞ்சம் அலைய விட்டுச்சு. ஒரு கராஜ்ல (பேரு வேணாம்) கியர்பாக்ஸ் போச்சு, ஸ்க்ராப்ல ஒண்ணு எடுத்து மாத்திடலாம், 4,500 குடுன்னான். அங்க இருந்து நகர்ந்து இண்டஸ்ட்ரியல் ஏரியாவுல நம்ம திருநெல்வேலி அண்ணாச்சி ஒருத்தர்கிட்ட காட்டினேன், அவர் பானட்ட திறந்து, என்ன பிரேக்க மிதிக்க சொல்லி டிரைவ், ரிவர்ஸ், டிரைவ்னு மாத்தி மாத்தி போட சொன்னார், எஞ்சின் ஒரு பக்கமா தூக்கி தூக்கி உக்காருது. "தம்பி, கியர்பாக்ஸெல்லாம் கல்லு மாதிரி இருக்கு, மவுண்டிங் செத்துப்போச்சு, அம்புட்டுதான்"னார். மவுண்டிங்னா எஞ்சினையும் கியர்பாக்ஸையும் தாங்குற ரப்பர். எஞ்சின் மவுண்ட் ரெண்டும் கியர்பாக்ஸ் மவுண்டும் மாத்தினதும் வண்டி ஸ்டார்ட்ல இருக்கா இல்லையான்னே தெரியல. இந்த வண்டில நடுக்கம்னு யாராவது சொன்னா முதல்ல மவுண்ட பாருங்க, 100ல போகும்போது பிரேக் அடிச்சா ஸ்டீயரிங் ஆடுச்சுன்னா முன்னாடி கண்ட்ரோல் ஆர்ம் புஷ் (முன் வீல பிடிச்சிருக்கற கம்பியோட ரப்பர்). இது ரெண்டும் எல்லா எல்எஸ் 430லயும் வர்றது தான்.

இன்னொண்ணு, ஸ்டார்ட்டர் மோட்டார். இந்த எஞ்சின்ல அத எங்க வச்சிருக்கான் தெரியுமா, வி ஷேப்புக்கு நடுவுல, இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில. பார்ட் விலை பெருசா இல்ல, ஆனா அதுக்கு கை போகணும்னா மேல இருக்கற அத்தனையும் கழட்டணும், அரை நாள் வேலை. டிசைன் பண்ணவன் ஸ்டார்ட்டர் போகவே போகாதுன்னு நம்பிருக்கான் போல. எனக்கு அது போகல இன்னும், ஆனா எப்பவாவது மேனிஃபோல்ட கழட்டுற வேலை வந்தா ஸ்டார்ட்டரையும் சேத்து சர்வீஸ் பண்ணிட சொல்லிருக்கேன் அண்ணாச்சிகிட்ட. டோர் லாக் மோட்டாரும் வயசானா ஒவ்வொண்ணா படுக்கும், எனக்கு பின் கதவு ஒண்ணு சாவி பட்டன அமுக்குனா முனகும், திறக்காது. கையால திறந்துக்கறேன், இப்போதைக்கு அவசரம் இல்ல.

பார்ட்ஸ் விஷயத்துல சார்ஜா மாதிரி ஊர் கிடையாது. ஸ்க்ராப் கடைல கேட்டா இல்லாத சாமானே இல்ல, ஜப்பான்ல இருந்து வர்ற செல்சியர் வண்டியோட சாமானும் கிடைக்கும். எஞ்சின் பக்கம் உள்ளது நிறைய ஒத்துப்போகும், ஆனா அது வலதுபக்க ஸ்டீயரிங், அதனால டேஷ்போர்டு, ஸ்டீயரிங் பாக்ஸ், ஹெட்லைட் எல்லாம் அதுல இருந்து எடுக்கக்கூடாது. நான் வச்சிருக்கற கணக்கு என்னன்னா கண்ணாடி, கைப்பிடி, ஸ்விட்ச், லைட்டு இதெல்லாம் ஸ்க்ராப்ல எடுக்கலாம், பெல்ட், ஹோஸ், புஷ், வாட்டர் பம்ப் இதெல்லாம் புதுசு மட்டும் தான். பழைய ரப்பர கழட்டிட்டு இன்னொரு பழைய ரப்பர போடறதுல என்ன அர்த்தம் சொல்லுங்க.

வருஷா வருஷம் பாசிங், அதாவது வண்டி டெஸ்ட், இருக்கு. டயர் 5 வருஷத்துக்கு மேல ஆச்சுன்னா எவ்ளோ பட்டன் (டயர் தேயாம இருக்கற கட்டை) இருந்தாலும் ஃபெயில், அதனால வாங்கும்போதே டயர்ல அந்த நாலு நம்பர பாத்துடுங்க, முதல் ரெண்டு வாரம், அடுத்த ரெண்டு வருஷம். இன்சூரன்ஸ் இந்த வயசு வண்டிக்கு பெரும்பாலும் தேர்ட் பார்ட்டி தான் குடுப்பாங்க, அதாவது நம்ம தப்புல எங்கயாவது இடிச்சா நம்ம வண்டிக்கு நம்ம காசு தான். பேட்டரி இந்த சூட்டுல ரெண்டு வருஷம் தாண்டுனா பெரிய விஷயம்.

பெட்ரோல்! 84 லிட்டர் டேங்க், ஃபுல் பண்ணா 200 திர்ஹாமுக்கு மேல. ஸ்பெஷல் 95 போதும், 98 எல்லாம் தேவையில்ல. காலைல சார்ஜா டு துபாய் இத்திஹாத் ரோடு டிராஃபிக்ல லிட்டருக்கு 6 கிமீ குடுக்கும், லாங் போனா 10 குடுக்கும். தினமும் ரெண்டு மணி நேரம் டிராஃபிக்ல நிக்கிறவங்க இந்த வண்டிய நினைச்சு கூட பாக்காதீங்க, கொரோலா எடுங்க. எனக்கு ஆபீஸ் பக்கத்துலயே, அதனால சமாளிக்கிறேன்.

சரி இவ்ளோ செலவு பண்ணி என்னத்த கண்டேன்னா, கோர்ஃபக்கான் ரோட்ல 120ல க்ரூஸ் போட்டு போகும்போது பின்னாடி உக்காந்திருக்கறவன் குசுகுசுன்னு போன்ல பேசறது முன் சீட்டுல தெளிவா கேக்கும், அவ்ளோ அமைதி. காத்து சத்தம் கிடையாது, மேடு பள்ளம்னா ஏதோ தூரத்துல யாரோ கதவ தட்டுன மாதிரி டொக்குன்னு ஒரு சத்தம், உடம்புக்கு வராது. ஆகஸ்ட் மாச மத்தியானம் வெயில்ல நின்ன வண்டிய எடுத்தா சிக்னல் தாண்டுறதுக்குள்ள ஏசி உள்ள குளிர வச்சிடும். 20 வருஷம் ஆன லெதர், டிரைவர் சீட் ஓரம் மட்டும் வெடிச்சிருக்கு, மத்தது அப்படியே இருக்கு. இப்ப வர்ற புது வண்டில பெரிய டிவி மாதிரி ஸ்க்ரீன் எல்லாம் இருக்கு, இதுல உள்ள நேவிகேஷன் பாதி பில்டிங்க கடல்னு காட்டும், போன ஸ்டாண்ட்ல மாட்டிக்க வேண்டியது தான்.

வாங்கணும்னு இருக்கறவங்களுக்கு ஒரு கணக்கு, வண்டி விலைய மட்டும் பாக்காதீங்க, அதுல பாதிய தனியா எடுத்து வச்சுட்டு வாங்குங்க, முதல் வருஷத்துல அது கட்டாயம் செலவாகும், அப்புறம் குறைஞ்சிடும். லோன் போட்டு வாங்காதீங்க. இது ஒண்ணு தான் வீட்ல வண்டி, நாளைக்கு காலைல பிள்ளைய ஸ்கூல்ல விட்டே ஆகணும்னாலும் வேணாம், சாமான் வர ரெண்டு மூணு நாள் கராஜ்ல நிக்கிற வாரம் வரும்.

எல்லாரும் கேக்கறது, ஊருக்கு போகும்போது கப்பல்ல ஏத்திட்டு போலாமா, மதுரைல ஓட்டலாமான்னு. முடியாது. இந்தியாவுக்கு பழைய வண்டி கொண்டு போகணும்னா 3 வருஷத்துக்குள்ள உள்ள வண்டியா இருக்கணும், ஸ்டீயரிங்கும் வலது பக்கம் இருக்கணும், இதுல ரெண்டுமே இல்ல. விக்கணும்னா இங்கயே தான் விக்கணும், அதுக்கு பெரியவர் குடுத்த ஃபைல்ல நான் போட்ட பில்லையும் சேத்து வச்சிட்டு வர்றேன், தேதியும் கிலோமீட்டரும் பேனாவால எழுதி. பின் கதவு மோட்டார் ஸ்க்ராப்ல 80 திர்ஹாம் சொல்றான், யாராவது 50க்கு வாங்கிருந்தா கடை எங்கன்னு சொல்லுங்க.