தண்டர்பேர்டுக்கு மாற்று கார்புரேட்டர்: சிவியா, விஎம்மா, நகலா?

ஏற்காடு போகத் திட்டம் போட்ட வாரம் பார்த்துத்தான் என் ராயல் என்ஃபீல்டு தண்டர்பேர்டு 350 மக்கர் பண்ணியது. சிக்னலில் நின்றால் ஐட்லிங் தானாக ஏறும், இறங்கும். மஞ்சக்குப்பத்தில் நான் வழக்கமாக விடும் மெக்கானிக், இன்ஜின் ஓடும்போதே, பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்கும் கார்புரேட்டரில் த்ராட்டில் தண்டு நுழையும் இடத்தில் துளி கிளீனரைப் பீய்ச்சினார். சட்டென்று ஓட்டம் மாறியது. தண்டு தேய்ந்து அந்த வழியாகக் காற்று உள்ளே போகிறது. இதற்கு ரிப்பேர் கிட் போட்டுப் பயனில்லை, முழு கார்புரேட்டரையும் மாற்றியாக வேண்டும்.

மூன்று வழிகள் இருந்தன. வண்டியோடு வந்த அதே பிஎஸ்29 சிவி வகை (உள்ளே காற்று வழியைத் திறந்து மூடும் ஸ்லைடு இன்ஜின் உறிஞ்சலில் எழும்), மிக்கார்ப் விஎம்28 ஸ்லைடு வகை (ஸ்லைடைக் கேபிளே நேராகத் தூக்கும்), பார்க்க பிஎஸ்29 போலவே இருக்கும் ஆன்லைன் நகல்.

நகலை ஒரு பார்வையிலேயே ஒதுக்கிவிட்டேன். விலை பாதிதான். ஆனால் நண்பர் வாங்கியதைத் திறந்து பார்த்தபோது பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் துளையுள்ள சின்னத் திருகான மெயின் ஜெட்டில் எண்ணே இல்லை. எண் இல்லாத ஜெட்டுக்குப் பதிலாக எதைத் தேடி வாங்குவது?

மெக்கானிக் விஎம்28 பக்கம் நின்றார். "எங்க நின்னாலும் ஒரு ஸ்க்ரூ டிரைவர் போதும் சார்" என்றார். உண்மைதான். மேல்மூடியைக் கையாலேயே திருகிக் கழற்றலாம், பெட்ரோலைக் கூட்டக் குறைக்க நீடில் கிளிப்பை ஒரு பள்ளம் ஏற்றி இறக்கலாம். சிவியில் ஸ்லைடோடு சேர்ந்த மெல்லிய ரப்பர் சவ்வான டயாஃப்ரம் கிழிந்தால் ஸ்லைடு மேலே வராது. எவ்வளவு முறுக்கினாலும் வண்டி இழுக்காது. அதை ரோட்டோரத்தில் சரிசெய்யவும் முடியாது.

இருந்தும் நான் பிஎஸ்29தான் வாங்கினேன். சிவியில் ஸ்லைடைத் தூக்குவது நம் கை அல்ல, இன்ஜினின் உறிஞ்சல். அதனால் ஏற்காடு போல 1,500 மீட்டர் உயரத்தில் காற்று மெலிந்தாலும் ஓரளவு தானாகவே ஈடுகட்டும். விஎம்28 போட்ட வண்டியை நான் ஓட்டியது செஞ்சி வரைக்கும் ஒரே ஒரு நாள், மலையில் ஓட்டியதில்லை. ஆகவே இதை வைத்து மட்டும் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

என்னைத் தீர்மானிக்க வைத்தது பின்னால் வரும் பராமரிப்பு. என் வண்டியில் கார்புரேட்டரின் பக்கத்தில் டிபிஎஸ் சென்சார் இருக்கிறது. த்ராட்டில் எவ்வளவு திறந்திருக்கிறது என்பதை இக்னிஷனுக்குச் சொல்வது அதுதான். விஎம்மில் அதற்கு இடமில்லை, கேபிளையும் மாற்ற வேண்டும். அப்புறம் ஜெட். இன்னொரு வகைக்கு மாறினால் சரியான எண் அமையும் வரை ஜெட்டாக வாங்கிப் பார்க்க வேண்டும். அதே வகையென்றால் பழையதில் உள்ள எண்ணே போதும்.

ஆனால் கடையில் "பிஎஸ்29 கொடுங்க" என்று மட்டும் கேட்காதீர்கள். 29 என்பது மில்லிமீட்டரில் உள்துளை விட்டம், அவ்வளவுதான். டிபிஎஸ் உள்ளதும் இல்லாததும் அதே பெயரில் வருகின்றன. பழையதைக் கழற்றி, பாடியில் குத்தியிருக்கும் எண்ணையும் மெயின், ஐடில் என்ற இரண்டு ஜெட்டின் எண்களையும் செல்போனில் பெரிதாக்கிப் படம் எடுத்தேன். ஐடில் ஜெட்டின் எண் வெறும் கண்ணுக்குத் தெரியவே இல்லை. இன்ஜினோடு இணைக்கும் ரப்பர் குழாயில் நுழையும் வாயின் வெளிவிட்டத்தை வெர்னியர் வைத்து அளந்துகொண்டேன். புதுச்சேரிக் கடையில் முதலில் எடுத்து நீட்டியது டிபிஎஸ் இல்லாதது. போனைக் காட்டியதும் உள்ளே போய் வேறு பெட்டியோடு வந்தார்கள்.

புதியதை மாட்டுமுன் ஸ்லைடைத் தூக்கி, காற்று ஓட்டையை விரலால் மூடி, விட்டுப் பார்த்தேன். மெதுவாக இறங்கியது, டயாஃப்ரம் நன்றாக இருக்கிறது. திரும்பும் வழியில் முள்ளோடையில் வழக்கம்போலத் தமிழ்நாட்டை விட மலிவான பெட்ரோல் போட்டுக்கொண்டேன். பழையதன் ஜெட்டுகளும் ஸ்லைடும் இப்போது ஒரு பிஸ்கட் டப்பாவில், சீட்டுக்கு அடியில்.